சுலபமான பாதைதான், ஆனால் 3,600 மீட்டர் உயரம்!

கேள்வி: எனக்கு வயது 54. ரத்த அழுத்தத்துக்குத் தினமும் ஒரு மாத்திரை போடுகிறேன்; கட்டுப்பாட்டில் இருக்கிறது. சர்க்கரை இல்லை. செப்டம்பரில் மகளுடன் உத்தராகண்டின் தயாரா புக்யால் புல்வெளிக்குப் போகிறேன். 'சுலபமான பாதை, தினமும் வாக்கிங் போகிறவருக்கு என்ன பயம்?' என்கிறார்கள். மூச்சுத்திணறல் வருமா? இறங்கும்போது முழங்கால் வேறு வலிக்கும். என்ன செய்வது?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால், 'சுலபம்' என்பது பாதையின் சரிவை வைத்துச் சொல்வது. ஏறத் தொடங்கும் ரைத்தல் கிராமம் சுமார் 2,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. புல்வெளியின் மேல்பகுதி 3,600 மீட்டரைத் தொடும். அங்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைப்பது கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. வாக்கிங் போவதால் தசை பழகும், உயரம் பழகாது. நன்றாக நடப்பவர்கள்தான் வேகமாக ஏறிவிட்டு, ராத்திரி தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

டேராடூனிலிருந்து வந்த மறுநாளே ஏறாமல், ரைத்தலில் இரண்டு இரவு தங்குங்கள். அடுத்த இரவு 3,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே முகாம். புல்வெளிக்குப் பகலில் ஏறிவிட்டு, தூங்க அந்த முகாமுக்கே இறங்கிவிடுங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். அங்கே மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது.

தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசதி இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது உயர நோய். பாராசிட்டமால் போட்டு அதே இடத்தில் ஓய்வெடுங்கள். சரியாகும் வரை மேலே ஏறக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால், பேச்சு குழறினால், ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால், அது உயிருக்கு ஆபத்து. விடியட்டும் என்று காத்திருக்காமல், துணையோடு உடனே கீழே இறங்க வேண்டும்.

பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டையில் பெயருக்குப் பின்னால் 'ஹெச்' என்று இருந்தால், பெரும்பாலும் அதில் சிறுநீரை அதிகம் பிரிக்கும் மருந்தும் கலந்திருக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் நீரிழப்பு வேகமாகும், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளைக் கையில் வையுங்கள். உயர நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு 125 மி.கி. காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து கொடுப்பதுண்டு. இரண்டு இரவு தங்கி நிதானமாக ஏறினால் உங்களுக்கு அது தேவைப்படாமலே போகலாம். 'ஹெச்' மாத்திரையோடு இதுவும் சேர்ந்தால் பொட்டாசியம் குறையும். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம். ஆகவே பார்க்கும் மருத்துவரிடம் கேட்காமல் வாங்கிப் போடாதீர்கள். இசிஜி, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), பொட்டாசியம் பரிசோதனைகளையும், அவர் சொன்னால் டிரெட்மில் பரிசோதனையையும் இப்போதே முடித்துவிடுங்கள்.

முழங்காலுக்கு வருவோம். இறங்கும்போது தொடையின் முன்தசைதான் உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது; அது சோர்ந்தால் பாரம் மூட்டில் விழும். சமதரையில் நடப்பது இதற்குப் பயிற்சி ஆகாது. எட்டு வாரத்துக்கு முன்பே தொடங்கி, வாரம் மூன்று நாள் மாடிப்படியில் ஏறி, மெதுவாக இறங்குங்கள். ஒவ்வொரு படிக்கும் மனதுக்குள் மூன்று எண்ணி, அதன் பிறகே காலை ஊன்றுங்கள். மலையில் இரண்டு கைத்தடி வேண்டும். இறங்கும்போது வழக்கத்தைவிட ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள். மூட்டு இப்போதே வீங்கியிருந்தாலோ, நடுவில் மடங்கிச் சிக்கிக்கொண்டாலோ, படிப் பயிற்சியைத் தொடங்கும் முன் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.