விடுதியில் இருக்கிறேன், ஓட்டு எந்த ஊரில்?

உள்ளாட்சித் தேர்தல் பற்றி நெல்லை, தென்காசி மாவட்டக் கல்லூரி மாணவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். வாக்காளர் பட்டியலில் பெயரை எங்கே சேர்க்க வேண்டும்?

விடுதியில் தங்கிப் படிப்பவர் பெற்றோர் வீட்டு முகவரியிலும் பதியலாம், விடுதி முகவரியிலும் பதியலாம். முடிவு உங்கள் கையில். ஆனால் ஓரிடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும். விடுதி முகவரி என்றால், நீங்கள் அங்கே தங்கிப் படிக்கிறீர்கள் என்று கல்லூரி முதல்வர் கையொப்பமிட்ட சான்றையும், புதிதாகப் பெயர் சேர்க்கும் விண்ணப்பமான படிவம் 6 உடன் இணைக்க வேண்டும். படிப்பும் அங்கீகாரம் பெற்ற, ஓராண்டுக்குக் குறையாத படிப்பாக இருக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், இளநிலை மாணவர்களுக்கு நான் சொந்த ஊரைத்தான் சொல்வேன். உள்ளாட்சியில் வென்றவர் ஐந்து ஆண்டுகள் பதவியில் இருப்பார். நீங்கள் மூன்றாம் ஆண்டில் பெட்டியைக் கட்டிவிடுவீர்கள். விடுதி வாசல் சாக்கடையைவிட, அம்மா குடத்தோடு காத்து நிற்கும் தெருக்குழாய்தான் உங்களோடு கடைசிவரை வரப்போகிறது. இன்னொரு சங்கடமும் உண்டு. படிப்பு முடிந்து போனபின் விடுதி முகவரியில் கிடக்கும் பெயர், அடுத்த வீடுவீடான சரிபார்ப்பில் 'முகவரியில் இல்லை' என்று அடிபட்டுவிடும். முனைவர் பட்டத்துக்காகப் பல ஆண்டுகள் இங்கேயே இருப்பவர் கதை வேறு. அவர் தாராளமாக இங்கே பதியலாம்.

ஏற்கெனவே ஊரில் பெயர் இருந்து, இங்கே மாற்ற நினைத்தால் படிவம் 8. பலர் மறுபடியும் படிவம் 6 நிரப்பி, வேறெங்கும் பெயர் இல்லை என்று உறுதிமொழியும் கொடுத்துவிடுகிறார்கள். தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுப்பது ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

ஆகஸ்டில் பதினெட்டு முடிகிறது. அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டுமா?

அது பழைய கதை. இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாள்கள் இருக்கின்றன; அந்த நாளில் பதினெட்டு முடிந்திருந்தால் போதும். உங்களுக்கு அக்டோபர் 1 பொருந்தும். பதினேழு முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் வழி உண்டு. வயதுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழே போதும்.

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனால் அது தனியாகப் பெயர் சேர்ப்பதில்லை. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரித்துக்கொள்கிறது. ஆகவே சட்டமன்றப் பட்டியலில் ஏறினால்தான் உள்ளாட்சியில் ஓட்டு. நம் இரு மாவட்ட ஊராட்சிகளுக்கும் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளிலும், நெல்லை மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரி 19 அன்றும் வாக்குப்பதிவு நடந்தது. ஐந்தைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். வேட்புமனு தொடங்கியபின் தாலுகா அலுவலகத்துக்கு ஓடுவதில் பெரிய பயன் இருக்காது.

வாக்காளர் அட்டை கையில் இருக்கிறது. அதுவே போதுமா?

போதாது. பட்டியலில் பெயர் இல்லையென்றால், பளபளக்கும் அட்டையை நீட்டினாலும் ஓட்டு இல்லை. பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை போன்றவற்றைக் காட்டி வாக்களிக்கலாம். கல்லூரி அடையாள அட்டையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பட்டியலைப் பார்க்கும்போது வார்டு எண்ணையும் பாருங்கள்: சட்டமன்றத் தேர்தலில் பட்டியலின் ஒரே பாகத்தில் இருந்த இரண்டு தெருக்கள் உள்ளாட்சியில் வெவ்வேறு வார்டுக்குப் போயிருக்கலாம். சந்தேகம் இருந்தால் 1950 எண்ணுக்கு அழையுங்கள், அல்லது உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரைப் பிடியுங்கள். கிராமங்களில் அவர் பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். உங்கள் அம்மாவுக்கு அவரைத் தெரிந்திருக்கும்.

ஊராட்சியில் நான்கு ஓட்டு என்கிறார்களே, குழம்பிவிடாதா?

மாநகராட்சியில் உங்களுக்கு ஒரே ஓட்டு, வார்டு கவுன்சிலருக்கு, அதுவும் இயந்திரத்தில். மேயரை கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள். கிராமத்தில் நான்கு தாள்கள் கைக்கு வரும். கடந்த தேர்தல்களில் ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டிலும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா போன்ற சின்னங்கள்தான். கட்சிச் சின்னத்தையே தேடிக்கொண்டு நிற்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். நிற்பவர்கள் யார், அவர்கள் சின்னம் என்ன என்பதை முந்தின நாளே தெரிந்துகொண்டு போங்கள்.

தாளில் ஒரே ஒரு முத்திரை, ஒரு சின்னத்தின் மேல். பிறகு முதலில் நீளவாக்கில் மடியுங்கள், அடுத்து குறுக்காக. வரிசையை மாற்றி மடித்தால் ஈர மை இன்னொருவர் சின்னத்தில் ஒட்டிக்கொண்டு, எண்ணும் மேசையில் வீண் தகராறைக் கிளப்பும்.

கோயம்புத்தூரில் படிக்கிறேன். தபால் ஓட்டு கிடைக்குமா?

கிடைக்காது, அது தேர்தல் பணியில் இருப்பவர்களுக்கு. ஆன்லைனில் போடவும் வழியில்லை. தேதி அறிவித்த அன்றே நெல்லைக்கு டிக்கெட் போட்டுவிடுங்கள்.

நானே வேட்பாளராக நிற்கலாமா?

இருபத்தொன்று முடிந்திருந்தால் நிற்கலாம்.

எங்கள் ஊரில் தலைவர் பதவியை ஏலம் விட்டுக் கோயில் கொடைக்குப் பணம் வாங்கிவிடுகிறார்கள். அப்பா, ஊர் முடிவுக்குக் கட்டுப்படு என்கிறார். என்ன செய்வது?

ஊர்ப்பகை என்னவென்று தெரிந்தவன் என்பதால், தெருவில் நின்று சண்டை போடுங்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் பதவி ஏலம் சட்டவிரோதம். கோயில் கொடைக்கு என்பதால் அது புண்ணியமாகிவிடாது. பேச்சு நடக்கும்போதே, வேட்புமனு நாளுக்கு முன்னால், மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எதிர்த்து யாருமே மனு போடாவிட்டால் அந்தப் பதவிக்கு வாக்குப்பதிவே நடக்காது. போட்டி நடந்துவிட்டால் பிறகு கவலையில்லை. மறைப்புக்குப் பின்னால் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.