4,600 வெள்ளி வேலையை விட்டுவிட்டு மரபுடைமை படிக்கலாமா?

கேள்வி: எனக்கு 33 வயது. சிங்கப்பூரில் ஒரு தளவாட நிறுவனத்தில் நிர்வாகப் பணி, மாதம் 4,600 வெள்ளி. பட்டப்படிப்பில் வரலாறு எடுத்தேன். அருங்காட்சியகம், ஆவணக்காப்பகம், வாய்மொழி வரலாறு என்று போக வேண்டும் என்பது பல வருட ஆசை. அதற்கான முதுகலை முழுநேரமாக ஓராண்டு, பகுதிநேரமாக ஈராண்டு. கட்டணம் 25,000 வெள்ளி. கையிருப்பு 42,000. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடனில் என் பங்கு மாதம் 750. அது மசேநி (மத்திய சேம நிதி, சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) சாதாரணக் கணக்கிலிருந்து போகிறது. அந்தக் கணக்கில் இப்போது 11,000 இருக்கிறது. அம்மாவுக்குக் கொடுப்பதையும் சேர்த்து என் மாதச் செலவு 1,900. கணவர் “உன் இஷ்டம்” என்கிறார். மாமியார் “இதைப் படிச்சு என்ன சம்பாதிக்கப் போற?” என்கிறார். அண்மையில் பார்த்த ஒரு விளம்பரத்தில் ஓராண்டு ஒப்பந்த வேலைக்கு 3,900 வெள்ளி போட்டிருந்தார்கள். வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா? கட்டணத்தை மசேநியிலிருந்து கட்ட முடியுமா?
வாசகி, ஈசூன்

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். முடியாது. மசேநி கல்விக் கடன் திட்டம் பட்டயம், இளநிலைப் பட்டம் போன்ற படிப்புகளுக்கானது, முதுகலைக்கு இல்லை. திறன் பயிற்சிக்கென்று 2024ல் அரசாங்கம் கொடுத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையும் 40 வயதிலிருந்துதான். உங்களுக்கு இன்னும் ஏழு வயது போதாது!

இனி மாமியாரின் கேள்வி. அவர் சம்பளத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார். எனக்கு அந்தக் கவலை அவ்வளவாக இல்லை. 3,900 வெள்ளி வேலைக்கே போனாலும் உங்கள் 20 விழுக்காட்டு மசேநி போகக் கைக்கு 3,120 வரும். செலவு 1,900. உங்கள் வயதில் சம்பளத்தில் 23 விழுக்காடு சாதாரணக் கணக்குக்குப் போகும், அதாவது 897 வெள்ளி. வீட்டுத் தவணை 750. ஆக, குறைந்த சம்பளத்திலும் குடித்தனம் ஓடும், வீடும் தப்பும்.

ஓடாதது சம்பளமே வராத மாதங்கள்தான். கட்டணம் 25,000 என்று எழுதியிருக்கிறீர்கள். முழுநேரமாகப் படித்தால் உண்மையான விலை அதுவா? ஓராண்டுக்குக் கைக்கு வராமல் போகும் சம்பளம் 44,160. முதலாளி போடும் 17 விழுக்காடு, நீங்கள் போடும் 20 விழுக்காடு, இரண்டும் சேர்ந்து மசேநிக்குள் வராமல் போவது 20,424. கட்டணத்தோடு கூட்டிப் பாருங்கள்: 89,584 வெள்ளி. போனஸைச் சேர்க்கவே இல்லை. என்னிடம் வருபவர்கள் கட்டணத்தை ஐந்து காசு பிசகாமல் சொல்வார்கள், இந்த மசேநிப் பள்ளத்தை மட்டும் மறந்துவிடுவார்கள்.

சரி, கையிருப்பு தாங்குமா? 42,000ல் கட்டணம் போக 17,000. மாதம் 1,900 என்றால் ஒன்பதாவது மாத முடிவுக்குள் காலி. பட்டம் வாங்கும் முன்பே கணவரிடம் கை நீட்ட வேண்டியிருக்கும். வீட்டுத் தவணைக்குச் சாதாரணக் கணக்கில் இருப்பது 14 மாதம் வரும். படிப்பு முடிந்து வேலை கிடைக்க நாலைந்து மாதம் ஆனாலே ரொக்கமாகக் கட்ட வேண்டும்.

ஆகவே பகுதிநேரம். அவசரத்துக்கென்று 12,000ஐத் தொடாமல் வைத்தாலும் 30,000 மிச்சம்; கடன் இல்லாமல் கட்டணம் கட்டிவிடலாம், சம்பளமும் மசேநியும் நிற்காது. வேலை முடிந்து வகுப்புக்கு ஓடுவது சுகமாக இருக்காது. ஈராண்டுக்கு உங்கள் வார இறுதிகள் போய்விடும். அதைக் கணவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். “உன் இஷ்டம்” என்றால் பாத்திரம் கழுவுவதும் அதில் அடக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் விண்ணப்பிக்கும் முன் ஆறு மாதம் பொறுக்கச் சொல்வேன். இந்தத் துறையில் நல்ல வேலை நிறைய நடக்கிறது. சம்பளம் உள்ள வேலை அந்த அளவுக்கு இல்லை. 2015ல் சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்னிலக்கமாக்கியபோது தேசிய நூலக வாரியத்தோடு தோள்கொடுத்தவர்கள் தமிழ்ச் சமூகத்துத் தொண்டூழியர்கள். பெருமையான விஷயம்தான், ஆனால் பெருமை வீட்டுத் தவணையைக் கட்டாது. அதே ஆண்டு கேம்பல் லேனில் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தில் வழிகாட்டித் தொண்டூழியராகச் சேர முடியுமா என்று விசாரியுங்கள். வார இறுதியில் வருகையாளர்களோடு நடந்து பேசிப் பார்த்தால் இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா, அல்லது அருங்காட்சியகத்துக்குப் போவது மட்டும் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். (பலருக்கு இரண்டாவதுதான். அதற்கு நுழைவுச்சீட்டு போதும்.)

தமிழ் உங்கள் பலம் என்று கடிதத்தில் ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை. வாய்மொழி வரலாற்று நிலையம் 1979ல் தொடங்கியது. அதன் பதிவுகளில் தமிழில் பேசியவர்களும் உண்டு. 1887ல் வெளிவரத் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ போன்ற பழைய இதழ்களை வாசித்துப் புரிந்து, இன்றைய வாசகருக்கு நாலு வரியில் சொல்ல ஆள் வேண்டும். வரலாறும் தெரிந்து, தமிழும் ஆங்கிலமும் ஒரே தரத்தில் எழுதுபவர்கள் கூட்டமாக நிற்கவில்லை என்பது என் கணிப்பு. உங்கள் தமிழ் பள்ளித் தமிழோடு நின்றிருந்தால், முதுகலைக்கு முன் அதற்குக் கொஞ்சம் செலவு செய்வது லாபம்.

இன்னொன்று: முதுகலை கேட்காத வேலைகளும் இருக்கின்றன. கடந்த சில மாத விளம்பரங்களில் பத்துப் பதினைந்தை எடுத்து, எத்தனையில் முதுகலை கட்டாயம் என்று எண்ணுங்கள். பாதிக்கும் கீழே என்றால், இப்போதே விண்ணப்பியுங்கள். வேலையில் இருந்துகொண்டு படிப்பது இந்தத் துறைக்குள்ளேயே நடக்கட்டும்.

ஒப்பந்தம் முடிந்து சுயதொழிலாகச் செய்ய நேர்ந்தால், விலை சொல்லும்போது ஏமாறாதீர்கள். 4,600 சம்பளத்துக்கு முதலாளி போடும் மசேநி 782 வெள்ளி. அதனால் மாதம் 5,382க்குக் குறைந்து வாங்கினால் பழைய வேலையைவிட நட்டம். விடுப்பும் மருத்துவச் சலுகையும் அதற்கு மேல். சுயதொழிலில் ஆண்டு நிகர வருமானம் 6,000ஐத் தாண்டினால் மெடிசேவ் (மசேநியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) கட்டியாக வேண்டும். சாதாரணக் கணக்குக்கு யாரும் எதுவும் போடமாட்டார்கள், வீட்டுத் தவணை மட்டும் மாதாமாதம் வரும்.

அப்புறம், பல்கலைக்கழகத்திடம் கட்டணத்தைப் பருவத்துக்குப் பருவம் கட்ட முடியுமா, குடிமக்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டா என்று எழுதிக் கேளுங்கள். பதில் வந்ததும் எனக்கு ஒரு வரி அனுப்புங்கள். உங்கள் 30,000ல் எவ்வளவை வைப்புத்தொகையில் போடலாம் என்று அப்போது பார்ப்போம்.