கண்ணை மூடச் சொல்லாதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. ஓரிடத்தில் நிற்கமாட்டான். தியானம் பழகினால் கவனம் கூடும், மதிப்பெண் ஏறும் என்கிறார்கள். தினமும் காலையில் சம்மணமிட்டு உட்காரவைக்கிறேன். இரண்டு நிமிடத்தில் ஒற்றைக் கண்ணைத் திறந்து "முடிந்ததா அம்மா?" என்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: எட்டு வயதுப் பிள்ளை இரண்டு நிமிடம் உட்கார்ந்ததே பெரிய விஷயம், அம்மா. அதற்கு அவனைப் பாராட்டுங்கள்.

மதிப்பெண் கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். மனநலத்துக்கே பலன் நிச்சயம் என்று சொல்ல முடியவில்லை. பிரிட்டனில் 85 பள்ளிகளில், 11 முதல் 13 வயது வரையிலான எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 2022இல் முடிவு வந்தது. எல்லோருக்கும் பொதுவாக வகுப்பில் நடத்திய மனக்கவனப் பயிற்சி (மூச்சையும் அந்தந்தக் கணத்தையும் கவனிக்கப் பழக்கும் தியான முறை), பள்ளியின் வழக்கமான பாடங்களைவிட அவர்கள் மனநலத்துக்குக் கூடுதலாக எதுவும் செய்துவிடவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அதைத் தொடவே இல்லை. இதனால் தியானமே வீண் என்று நான் சொல்லமாட்டேன். பிடிக்காததைப் பாடமாகத் திணித்தால் ஒட்டாது என்றுதான் எனக்குப் படுகிறது.

நான் சிறுவர்களுக்குத் தியானம் சொல்லித்தருகிறவள். சின்னப் பிள்ளைகளை முதலில் படுக்கத்தான் வைப்பேன். தொப்புளுக்கு மேலே அவர்களுக்குப் பிடித்த பொம்மை. "இது விழாமல் மேலே போய்க் கீழே வரட்டும், பார்க்கலாம்" என்பேன். வேகமாக மூச்சுவிட்டால் பொம்மை சரியும். பிள்ளை தானாகவே நிதானமாகும். கண் திறந்தே இருக்கும், பொம்மையைப் பார்க்க வேண்டுமே! மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும். வெளியே விடும்போது தணியும். அதனால் விடும் மூச்சை மட்டும் கொஞ்சம் நீட்டச் சொல்லுங்கள். அடக்கிவைக்கச் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று, மணியை ஒரு தடவை தட்டி, ஓசை முழுதும் அடங்கியதும் கையைத் தூக்கச் சொல்வது. கடைசி இழையைப் பிடிக்கப் பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

நீங்களும் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். குறும்பு செய்த பிள்ளையை "போய்த் தியானம் செய்" என்று அனுப்புவதை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. அதைத் தண்டனையாக்கினால் பிள்ளைக்கு அது ஆயுளுக்கும் கசந்துவிடும்.

கேள்வி: பதின்மூன்று வயது மகள், கண்ணை மூடினால் பயமாக இருக்கிறது என்கிறாள். பழகப் பழகச் சரியாகிவிடுமா?

பதில்: வற்புறுத்தாதீர்கள். உள்ளே கலக்கம் இருக்கும்போது கண்ணை மூடினால் அதுவே பெரிதாகத் தெரியும். கண்ணைத் திறந்தபடி மெதுவாக நடந்து, பாதம் தரையில் படுவதைக் கவனிக்கட்டும், அதுவும் தியானம்தான். என்ன பயம் என்று அவளிடம் ஆறுதலாகக் கேளுங்கள், குறுக்கிடாமல் கேளுங்கள். தூக்கம், சாப்பாடு, படிப்பு கெடும் அளவுக்குப் பயம் நீடித்தால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பயிற்சியை அவர் சொன்ன பிறகு தொடரலாம்.