மூன்று மாதச் சம்பள பாக்கி, கப்பல் மாலுமிகளுக்கான கேள்வி பதில்

ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார், கப்பலில் ஓ.எஸ். (கடைநிலை மாலுமி) வேலை உறுதி என்கிறார். கொடுக்கலாமா? (ராமநாதபுரம்)

ஒரு பைசாகூட வேண்டாம் தம்பி. வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. பாஸ்போர்ட், சி.டி.சி. என்ற மாலுமிப் புத்தகம், மருத்துவச் சான்று மாதிரியான செலவுதான் உங்களுடையது. விசா செலவு கப்பல் முதலாளியுடையது. ஏஜென்டிடம் மாலுமிகளை வேலைக்கு அனுப்புவதற்கான ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று கப்பல் துறை தலைமை இயக்குநரக இணையதளத்தில் பாருங்கள்.

வெளிநாட்டில் நங்கூரம் போட்டு நிற்கிறோம். மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை, அரிசியும் தீரப் போகிறது. கேப்டன் பொறுங்கள் என்கிறார். (ஏ.பி., தூத்துக்குடி)

பொறுக்காதீர்கள். இரண்டு மாதச் சம்பளம் தராமல் இருப்பது உட்பட, முதலாளி தொடர்பை அறுத்துக்கொண்டால் அது கைவிடப்பட்ட கப்பல். சாப்பாடு, தண்ணீர் தராமல் விட்டாலும் அப்படித்தான். இதற்காகவே 2017 ஜனவரியிலிருந்து காப்பீடு கட்டாயம். அந்தச் சான்றிதழைக் கப்பலில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். அதைப் போட்டோ எடுத்து, அதிலுள்ள எண்ணுக்கு இன்றே பேசுங்கள். சாப்பாடு, ஊர் திரும்பும் டிக்கெட், சம்பள பாக்கி எல்லாம் காப்பீட்டுக்காரர்கள் பொறுப்பு. ஆனால் பாக்கியில் நான்கு மாதம் வரைதான் தருவார்கள். ‘அடுத்த மாதம் செட்டில்’ என்ற பேச்சை நம்பி எட்டு மாதம் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். ஐ.டி.எஃப். (சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு), இந்தியத் தூதரகம், கப்பலின் கொடி நாடு (கப்பல் பதிவான நாடு), நம் கப்பல் துறை இயக்குநரகம் எல்லோருக்கும் ஒரே மெயிலாக அனுப்புங்கள்.

இன்னொன்று, புரியாத மொழியில் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். 2017-ல் எகிப்தில் ‘அமான்’ என்ற கப்பலைப் பிடித்துவைத்தார்கள். அதன் சிரிய நாட்டுத் தலைமை அதிகாரியை நீதிமன்றம் கப்பலின் சட்டப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டது. அதற்கு அவர் கையெழுத்தும் போட்டிருந்தார். மற்றவர்கள் ஊர் போய்ச் சேர, அவர் தனியாக மாட்டிக்கொண்டார். போனுக்குச் சார்ஜ் போடக்கூடக் கரைக்கு நீந்தினார். விடுதலை கிடைத்தது 2021 ஏப்ரலில்.

இறங்கிவிட்டால் பாக்கி போய்விடும் என்கிறார்களே?

போகாது. சம்பளக் கடன் கப்பலோடு ஒட்டியது, முதலாளி மாறினாலும் கப்பலைத் தொடரும். கப்பல் வழக்குகளுக்கான நம் 2017 அட்மிரால்டி சட்டத்தில், கப்பலோடு ஒட்டிய இப்படிப்பட்ட உரிமைகளின் வரிசையில் முதலிடம் மாலுமி சம்பளத்துக்குத்தான். கப்பல் சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ வந்தால், சென்னை உயர் நீதிமன்றத்தில் சிறைபிடிக்கக் கேட்கலாம். ஆனால் சம்பளம் தர வேண்டிய நாளிலிருந்து இரண்டு வருடம்தான் கெடு. இறங்கும் முன் கேப்டனிடம் பாக்கிக் கணக்கை முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

தினமும் 16 மணி நேரம் வேலை. ரெஸ்ட் ஷீட்டில் 10 மணி ஓய்வு என்று எழுதச் சொல்கிறார்கள்.

அந்த 10 மணி நேரம்தான் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச ஓய்வு, வாரத்துக்கு 77 மணி நேரம். பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட்டால் பிறகு ஆதாரம் இருக்காது. உண்மை நேரத்தைத் தனி நோட்டில் எழுதி வையுங்கள்.

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் மீன்பிடி விசைப்படகில் இருக்கிறார். இதெல்லாம் அவருக்கும் உண்டா? (கன்னியாகுமரி)

இல்லை அம்மா. மேலே சொன்ன 2006 உடன்படிக்கையில் மீன்பிடிப் படகுகள் வராது. அவர்களுக்கென்று 2007-ல் தனி உடன்படிக்கை வந்தது, இந்தியா அதில் சேரவில்லை. ஒப்பந்த நகலையும் பாஸ்போர்ட் நகலையும் வைத்து அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். நகல் கையில் இல்லையென்றால், அசலைப் போனில் போட்டோ எடுத்து உங்களுக்கு இன்று இரவே அனுப்பச் சொல்லுங்கள்.