ஏ.எல்-இல் பைதன் மட்டும்தான் படித்தேன். ஜாவாவில் முதல் புரோகிராமை எப்படி எழுதி ஓடவிடுவது?

ஏ.எல் எழுதிவிட்டு மட்டக்களப்பில் வீட்டில் இருப்பதாகவும், கம்பஸ் தொடங்க முன்னர் ஜாவா பழக ஆசை என்றும், வீடியோ பார்த்து எழுதிய ஐந்து வரி ஓடவே மாட்டேன் என்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். தம்பி, நானும் களுவாஞ்சிகுடியில் இருந்துகொண்டு இதே இடத்தில்தான் முட்டுப்பட்டேன்.

பைதனில் எழுதிய கோப்பையே நேரே ஓடவிட்டுப் பழகியிருப்பீர்கள். ஜாவாவில் நாம் எழுதுவது ஒரு கோப்பு, ஓடுவது வேறு கோப்பு. ஹலோ.ஜாவா என்று நீங்கள் எழுதுவதை ஜாவாசி என்ற கம்பைலர் வாசித்து, ஹலோ.கிளாஸ் என்று இன்னொன்றை ஆக்கித் தரும். அதற்குள் இருப்பது பைட்கோட், அதாவது எந்தக் கணினிக்கும் பொதுவான இடைநிலைக் கட்டளைகள். அதைத்தான் ஜே.வி.எம், அதாவது கணினியில் நிறுவியிருக்கும் ஜாவா இயக்கி, எடுத்து ஓட்டுகிறது. விண்டோஸில் ஆக்கிய கிளாஸ் கோப்பை அப்படியே லினக்ஸ் கணினிக்குக் கொண்டுபோனாலும், அங்கே ஜே.வி.எம் இருந்தால் ஓடும். 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை வெளியிட்டபோது பெருமையாகச் சொன்னதே இதைத்தான்.

ஆகவே கம்பைலரும் ஜே.வி.எம்-உம் சேர்ந்து வரும் ஜே.டி.கே என்ற தொகுப்பு வேண்டும். பழைய வழிகாட்டிகளில் ஜே.ஆர்.இ என்று போட்டிருக்கும். அது ஓட்ட மட்டும்தான், கம்பைலர் அதில் இல்லை. 21 அல்லது 25 போடுங்கள், இரண்டும் நீண்டகால ஆதரவு உள்ள பதிப்புகள். டெமுரின் என்ற ஜே.டி.கே இலவசம், பாத் அமைப்பையும் (ஜாவாசியைக் கணினி தேடும் இடங்களின் பட்டியல்) நிறுவும்போதே அதுவே சரிசெய்துவிடும்.

முதல் வாரம் எக்லிப்ஸ், இன்டெலிஜே போன்ற பெரிய எடிட்டர்கள் எதுவும் வேண்டாம். நோட்பேட் போதும். சேமிக்கும்போது கோப்பு வகையை ‘ஓல் ஃபைல்ஸ்’ என்று மாற்றுங்கள். இல்லையென்றால் ஹலோ.ஜாவா.டிஎக்ஸ்டி என்று விழும், விண்டோஸ் அந்த வாலை மறைத்தும் வைத்துவிடும். பப்ளிக் கிளாஸுக்கு வைத்த பெயரும் கோப்பின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் கொமாண்ட் புரொம்ப்டில் அந்த ஃபோல்டருக்குப் போய், முதலில் ஜாவாசி, இடைவெளி, ஹலோ.ஜாவா. எதுவும் பேசாமல் அடுத்த வரிக்கு வந்தால் சரி என்று அர்த்தம். பிறகு ஜாவா, இடைவெளி, ஹலோ. இங்கே கிளாஸ் என்ற வாலைச் சேர்க்கக் கூடாது.

இனி எனக்கு நடந்தது. அச்சிடும் வரியின் தொடக்கத்தில் வரும் சிஸ்டம் என்ற சொல்லில் முதல் எஸ் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். நான் சிறிய எழுத்தில் அடித்திருந்தேன். ‘பேக்கேஜ் சிஸ்டம் டஸ் நொட் எக்ஸிஸ்ட்’ என்று வந்தது. பேக்கேஜ் இல்லையாம் என்றால் நிறுவியதில்தான் ஏதோ குறை என்று நினைத்து, ஜே.டி.கே-யை அழித்து, போன் டேட்டாவில் திரும்ப முழுதாக இறக்கினேன். நடுச்சாமம் ஆனது. திரும்பவும் அதே வரி. செய்திக்குக் கீழே ஒரு சின்னக் கூர்க்குறி (^), சிஸ்டம் என்ற சொல் முடிந்து வரும் புள்ளியைக் காட்டிக்கொண்டே இருந்தது. முதல் தடவையே அதைப் பார்த்திருந்தால் அன்றைக்கு நேரத்தோடு படுத்திருப்பேன். செய்தியின் சொற்களைவிட வரி எண்ணையும் அந்தக் கூர்க்குறியையும் முதலில் பாருங்கள். பத்துப் பிழை வந்தாலும் முதலாவதை மட்டும் திருத்திவிட்டுத் திரும்பக் கம்பைல் பண்ணுங்கள். மிச்சத்தில் பாதி தானாகப் போய்விடும்.

ஒரு விதிவிலக்கு: மூடும் அடைப்பு விடுபட்டால் கோப்பின் கடைசி வரியைத்தான் காட்டும், விடுபட்ட இடம் மேலே எங்கேயோ இருக்கும். புரோகிராம் ஓடத் தொடங்கும் இடமான மெயின் என்பதன் எம்-ஐப் பெரிய எழுத்தில் அடித்தால் இன்னும் விசேஷம். கம்பைல் ஆகும், ஓடவிடும்போதுதான் மெயின் மெதட் இல்லை என்று நிற்கும். வேண்டுமென்றே ஒருமுறை அப்படிச் செய்து பாருங்கள். கம்பைல் பிழை வேறு, ஓடும்போது வரும் பிழை வேறு என்பது அதில் தெளிவாகிவிடும்.

வணக்கம் என்று தமிழில் அச்சிடவும் ஆசை வரும். ஜாவா யூனிகோட் அறிந்தது, மாறிக்கு ‘வயது’ என்றே பெயர் வைக்கலாம். கறுப்பு விண்டோவில் கேள்விக்குறியாகத் தெரிந்தால் அந்த விண்டோவின் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும், உங்கள் வரிகளில் பிழை தேடாதீர்கள்.

ஜாவா 11 முதல் கம்பைல் பண்ணாமலே ஜாவா ஹலோ.ஜாவா என்று ஓடவிடலாம். 25இல் முன்னால் வரும் பப்ளிக் ஸ்டாட்டிக் என்ற சொற்கள் இல்லாமலே மெயின் எழுதலாம். நல்ல வசதிதான். ஆனாலும் முதல் பத்து நாளைக்கு இரண்டு படியாகவே செய்யுங்கள், கிளாஸ் கோப்பு ஃபோல்டரில் வந்து உட்காருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

இரண்டாவது புரோகிராமுக்கு நான் எடுத்தது மாமாவின் வெள்ளாமைக் கணக்கு. படுவான்கரையில் இரண்டு பேர் சேர்ந்து செய்த வயல், ஒரு வரவையில் மிஞ்சியது ஏழு மூடை, ஆளுக்கு எவ்வளவு? ஏழை இரண்டால் வகுத்தேன், 3 என்று வந்தது. பைதனில் 3.5 வந்திருக்கும். ஜாவாவில் இரண்டும் முழு எண் என்றால் விடையும் முழு எண்தான், தசமம் வெட்டுப்பட்டுப் போகும். இரண்டை 2.0 ஆக்கினேன். 3.5 வந்ததும் லெப்டொப்பை மாமா பக்கம் திருப்பிக் காட்டினேன். “இப்ப சரி” என்றார்.