ஹீமோகுளோபின் 14 இருந்தும் ரத்த அளவு குறையுமா?

கேள்வி: என் மாமியாருக்கு 61 வயது. வேலந்தாவளம் சந்தையில் தக்காளி தரம் பிரிக்கப் போகிறார். போன வாரம் இரண்டு நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும். மூன்றாம் நாள் காலை எழுந்து நின்றவர் கண் இருட்டி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ‘ரத்த அளவு குறைந்துவிட்டது’ என்று ட்ரிப் ஏற்றினார்கள். ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 14 இருக்கிறது. அப்புறம் எப்படி ரத்தம் குறையும்? இப்போது பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் கொடுத்து வருகிறோம். அவர் பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறவர். – ஒரு வாசகி, வேலந்தாவளம்

பதில்: கொழிஞ்சாம்பாறையில் இருபது வருஷமாக வைத்தியம் பார்க்கிறேன். பங்குனி வெயில் ஏறியதும் இதே சந்தேகத்தோடு யாராவது வந்துவிடுவார்கள். ரத்தசோகை வேறு, ரத்த அளவு குறைவது வேறு அம்மா. 60 கிலோ எடையுள்ளவர் உடம்பில் சுமார் 4 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் பாதிக்கு மேல் நீர்ப்பகுதிதான். வாந்தியிலும் பேதியிலும் போனது அந்த நீரும் உப்பும். ஹீமோகுளோபினைத் தாங்கும் சிவப்பணுக்கள் அப்படியே இருந்தன. ரசம் சுண்டினால் உப்பு தூக்கலாகத் தெரியுமல்லவா, அப்படித்தான் அந்த 14. உடம்பில் நீர் ஏறிய பிறகு எடுத்த பரிசோதனையில் 12 என்று வந்தால், ‘ட்ரிப் போட்டு ரத்தம் குறைந்துவிட்டதே’ என்று பயப்படாதீர்கள். உண்மையான அளவு அப்போதுதான் தெரிகிறது.

ரத்தப்போக்கிலும் முதல் சில மணி நேரம் அந்த எண் ஏமாற்றும். நான் பயிற்சி டாக்டராக இருந்தபோது தென்னையிலிருந்து விழுந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஹீமோகுளோபின் 13, பிரஷரும் சரியாக இருந்தது. நான் நிம்மதியாகிவிட்டேன். மூத்த டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்க்கவே இல்லை, நாடியைப் பிடித்தார். 130. உள்ளங்கை ஜில்லென்று இருந்தது. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ரத்தம் குறையக் குறைய இதயம் வேகமாக அடித்தும், கை கால் ரத்தக்குழாய்கள் இறுகியும் பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும். படுத்திருப்பவருக்கு, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ரத்தம் போன பிறகுதான் பிரஷர் விழத் தொடங்கும். அதனால்தான் இன்றுவரை நான் முதலில் நாடியைப் பார்க்கிறேன்.

பீட்ரூட், பேரீச்சம்பழம் சாப்பிடுவதில் தப்பில்லை. ஆனால் இந்தக் குறையை அவை ஈடு செய்யாது. வேண்டியது ஓஆர்எஸ் என்கிற உப்பு-குளுக்கோஸ் கரைசல். குடலில் உப்பும் குளுக்கோஸும் சேர்ந்துதான் உள்ளே போகும், தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகும். காலராவிலும் இந்த வழி அடைபடுவதில்லை. 1971ல் வங்காளத்தின் போங்காவ் அகதிகள் முகாமில் ட்ரிப் பாட்டில் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார்.

ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ருசிக்காகத் தண்ணீரைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். வாந்தி வந்தால் பத்து நிமிஷம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகத் தொடருங்கள். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியும் நல்லது. இளநீரில் சோடியம் குறைவு, அதை மட்டும் நம்பக்கூடாது. சோடா, வெறும் குளுக்கோஸ் தண்ணீர் வேண்டாம். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, பேச்சு குழறுகிறது, கை கால் சில்லிடுகிறது, குடித்தது எதுவும் தங்கவில்லை, மலம் கறுப்பாகவோ ரத்தமாகவோ போகிறது என்றால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். ட்ரிப்போ ரத்தமோ ஏற்ற வேண்டியிருக்கும்.

என் கவலை அந்தப் பிரஷர் மாத்திரைதான். சில மாத்திரைகளில் சிறுநீரை அதிகம் பிரிக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும். பேதியின்போது அதையும் விழுங்கினால் நீர் இரண்டு பக்கமும் போகும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அட்டையை எடுத்துக்கொண்டு நாளைக்கே உங்கள் டாக்டரிடம் போங்கள். படுத்தபடி ஒரு தடவை, எழுந்து நின்று 3 நிமிஷத்துக்குள் ஒரு தடவை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், நீர்க்குறை இன்னும் தீரவில்லையா, மாத்திரையின் அளவு கூடுதலா என்று அவர் பார்ப்பார். அது தெரியும்வரை மாமியாரைச் சந்தைக்கு அனுப்ப வேண்டாம்.