பொருந்தாத வழித்துணைகள் ஏன் தேவை?

மாயாஜால நகைச்சுவை நாவல்களில் ஒத்துவராத இருவரை ஏன் சேர்த்தே பயணம் அனுப்புகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். டெர்ரி பிராட்செட் 1983இல் வெளியிட்ட 'தி கலர் ஆஃப் மேஜிக்' நாவலில், எதைக் கண்டாலும் ஓட்டமெடுக்கும் மந்திரவாதி ரின்ஸ்விண்டும், எந்த ஆபத்தையும் வேடிக்கை பார்க்கத் துடிக்கும் சுற்றுலாப் பயணி டூஃப்ளவரும் சேர்ந்து போகிறார்கள். அவர்களுக்குப் பின்னால், எண்ணற்ற கால்களோடு ஒரு பெட்டியும் ஓடி வருகிறது. தன் நாட்டில் தங்கம் மலிவு என்பதால் டூஃப்ளவர் சில்லறையைப் போலப் பொற்காசுகளை நீட்டுகிறார். பெங்களூரு மெஜஸ்டிக்கில் ஆட்டோக்காரர் கேட்ட தொகையை ஊரிலிருந்து வந்த என் மாமா மலர்ந்த முகத்தோடு எடுத்துக் கொடுத்தபோது, அந்நகரின் அல்சூர் பகுதியிலேயே வளர்ந்த நான் பதறியதும் இதே கதைதான். ஆபத்து ஒன்றாக இருக்க, அதைப் பார்க்கும் கண்கள் இரண்டாக இருப்பதில்தான் சிரிப்பு பிறக்கிறது. அதைவிட முக்கியமாக, விவரம் அறியாதவர் கேள்வி கேட்கக் கேட்க, அந்தக் கற்பனை உலகம் வாசகருக்கும் இயல்பாகவே விளங்கிவிடுகிறது.